பிரேக்கம்மா வீட்டுக்கு ஒரு லாப்ரடார்

நகரப் பேருந்து ஓட்டும் அவளுக்குப் பணிமனையில் பிரேக்கம்மா என்று பெயர். கூட வேலை பார்க்கிற டிரைவர்கள் வைத்தது. நாய் குறுக்கே வந்தால் யாரும் பிரேக் போடத்தான் செய்வார்கள். இவளுக்கு, நாய் நடைபாதை ஓரத்தில் நின்று போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாலே போதும். வண்டியை நிறுத்தி, "நீ போ ராசா, உனக்கு என்ன அவசரமோ" என்று கையைக் காட்டுவாள். பின்னால் நிற்கிறவர்கள் கம்பியில் முட்டிக்கொண்டு முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

இப்படிப்பட்டவள் வீட்டில் நாய் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து மாடி மாடியாக வாடகை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் சாவியைக் கொடுக்கும்போதே, "ஆணி அடிக்கக் கூடாது, நாய் வளர்க்கக் கூடாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஆணி அடிக்காமல் அவளால் குடித்தனம் நடத்த முடிந்தது. நாய் விஷயத்தில்தான் மனசு ஆறவில்லை.

இந்த வருஷம்தான் தரைத்தள வீடு கிடைத்தது. பின்பக்கம் கையகலப் புல்தரை, முன்பக்கம் இரும்புக் கேட். வீட்டுக்கார அம்மாள் சாவியை நீட்டிக்கொண்டே, "நாய் பூனைன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று போகிறபோக்கில் சொன்னாள். அதற்கப்புறம் அந்த அம்மாள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி என்னென்னவோ சொன்னாள். பிரேக்கம்மாவுக்கு ஒன்றும் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அவளுடைய கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியுமுன்னே வேலைக்குப் போய், வெயில் ஏறும்போது திரும்பி வந்து, மத்தியானம் தூங்குகிற மனிதர். பேச்சு குறைவு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் அவருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

"ஏங்க, ஒரு நாய்க்குட்டி வாங்கலாமா?" என்றாள் பிரேக்கம்மா.

மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு, "என்ன நாய்?" என்றார்.

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி சம்மதம் இருந்தது. "லாப்ரடார்" என்றாள் அவள், பதினேழு வருஷமாகப் பதிலைக் கையில் வைத்திருந்தவள்போல. அவளுடைய பேருந்தில் பார்வையில்லாத இசை வாத்தியார் ஒருவர் வழிகாட்டி நாயோடு ஏறுவார். அந்த லாப்ரடார் முன்சீட்டின் அடியில் சுருண்டு படுத்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாலை மிதித்தாலும் ஒரு பெருமூச்சோடு விட்டுவிடும். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்தச் சாதி நாயின்மேல் ஆசை ஊறிப்போயிருந்தது.

"அப்ப நல்ல இடமாப் பார்த்து வாங்கு" என்றார் அவர். அவ்வளவுதான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

*

நல்ல இடம் எது என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பொறுமை இருந்தால்தானே! மறுநாளே மகள் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். கூடை நிறையப் பொன்னிறக் குட்டிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் நாடா. போன் எடுத்தவன் தேனொழுகப் பேசினான். "அக்கா, சுத்த ரத்தம். அப்பன் சாம்பியன். ஆனா இன்னைக்கே சொல்லிடுங்க, நாலு பேரு வரிசையில நிக்கறாங்க."

"வீட்டுக்கு வந்து பாக்கலாமா?"

"வீட்ல வெள்ளையடிக்கறாங்கக்கா. நீங்க ஏன் அலையறீங்க? சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்தற இடத்துக்கு நானே கொண்டாந்துடறேன்."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மாவும் மகளும் கிளம்பிப் போனார்கள்.

அவன் காரின் டிக்கியைத் திறந்தான். உள்ளே வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டி. அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து குட்டிகள். படத்தில் பார்த்த குட்டிகள் வேறு, இவை வேறு என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவன் ஒன்றைத் தூக்கி அவள் கையில் வைத்தான். வயிறு மட்டும் பந்துபோல உப்பியிருந்தது. மற்றபடி எலும்பும் தோலும். கண் ஓரத்தில் பீளை. அது அவள் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பியது. பல் படவே இல்லை, வெறும் ஈறு.

"எத்தனை மாசம்?"

"ரெண்டு முடிஞ்சிடுச்சுக்கா."

"பல்லே காணோமே?"

"லாப்ரடாருக்கு லேட்டாத்தான் வரும்."

"இதோட அம்மா எங்க?"

"ஊர்ல இருக்கு."

"எந்த ஊர்ல?"

அவன் டிக்கியின் கதவைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "அக்கா, வேணும்னா எடுங்க, இல்லாட்டி விடுங்க."

பிரேக்கம்மாவுக்கு அந்தக் குட்டியைக் கீழே வைக்க மனசு வரவில்லை. கையில் சூடாக, பஞ்சாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. மகள் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, காதோடு, "அம்மா, இவன் பொய் சொல்றான்" என்றாள். குரல் உடைந்திருந்தது. பிரேக்கம்மா குட்டியைப் பெட்டியில் மெதுவாக வைத்தாள். வைக்கிற சாக்கில் கார் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டாள்.

மறுநாள் மத்தியான ஓட்டத்தில், கால்நடை ஆஸ்பத்திரி நர்ஸ் வழக்கம்போல முதல் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். சாயங்கால ஷிஃப்டுக்குப் போகிறவள். நாலைந்து வருஷப் பழக்கம். பிரேக்கம்மா சிக்னலில் நின்றபோது நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நம்பர் ஞாபகம் இருக்காக்கா? குடுங்க. விலங்கு பாதுகாப்பு ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. அப்புறம் ஒண்ணு. அம்மா நாயைக் கண்ணால பார்க்காம குட்டியைத் தொடவே தொடாதீங்க. தொட்டா விடமாட்டீங்க, உங்களைத் தெரியாதா எனக்கு!"

அந்த வாரக் கடைசியிலேயே நல்ல செய்தி வந்தது. பெட்டியோடு ஐந்தையும் மீட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். வயிற்றுப்பூச்சிக்கு மருந்து கொடுத்தபிறகு குரைக்கவே ஆரம்பித்துவிட்டனவாம். நாலு குட்டிகளுக்கு, கொஞ்சம் வளர்ந்தபின் போக, வீடும் அமைந்துவிட்டது. ஐந்தாவதை டாக்டரே வைத்துக்கொண்டார். பிரேக்கம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இறங்கும்போது நர்ஸ் ஒரு போன் நம்பரைச் சொன்னாள்.

"ஸ்கிரீன் துணி தைக்கிற அக்கா ஒருத்தங்க, லாப்ரடார் வளக்கறாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவைதான் குட்டி எடுப்பாங்க. தங்கமான இடம். ஆனா உங்களை வேலைக்கு எடுக்கற மாதிரி கேள்வி கேப்பாங்க, பார்த்துக்கோங்க."

*

பணிமனையில் டீ குடிக்கிற நேரத்தில் பிரேக்கம்மா அந்த நம்பருக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் தையல் மெஷின் கடகடத்தது, நின்றது.

"குட்டி வேணுமா? எதுக்கு?"

எதுக்கு என்று கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "ஆசையா இருக்குங்க" என்றாள்.

"ஆசை எல்லாருக்கும்தான் இருக்கு. வீட்ல பகல்ல யாரு இருப்பாங்க?"

"காலைல நான் இருப்பேன். எனக்கு மத்தியான ஓட்டம். நான் கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுக்காரர் வந்துடுவாரு. சாயங்காலம் பொண்ணு வந்துடுவா."

"அட, பரவால்லையே" என்றது குரல். அப்புறம் கேள்விகள் மழையாய்ப் பொழிந்தன. மழைநாளில் யார் வெளியே கூட்டிப்போவார்கள்? சோபாவைக் கடித்தால் என்ன செய்வீர்கள்? ஊருக்குப் போனால் எங்கே விடுவீர்கள்? மகள் படிக்க வெளியூர் போய்விட்டால் நாய் யாருடையது? பிரேக்கம்மா எழுந்து நின்றுகொண்டு பதில் சொன்னாள். பக்கத்து மேஜையில் இருந்த டிரைவர்கள் டீயை மறந்துவிட்டு வாயைப் பார்த்தார்கள். டிரைவிங் லைசென்ஸ் வாங்கின அன்றைக்குக்கூட அவளுக்கு இப்படி வியர்த்ததில்லை.

கடைசியில், "குட்டி இன்னும் பிறக்கவே இல்ல. அம்மாக்காரி வயித்தோட இருக்கா. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வாங்க, முதல்ல உங்களைப் பார்க்கணும்" என்றது குரல்.

"உங்களைன்னா?"

"நீங்கதான். நாயை நீங்க பார்க்கலாம், ஆனா உங்களை அது பார்க்கணும்ல?"

போனை வைத்ததும் பிரேக்கம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். பொல்லாத பொம்பளையாக இருப்பாள் போலிருக்கிறதே! ஆனாலும் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவர் பேக்கரியிலிருந்து நேராக வந்து சேர்ந்துகொண்டார், மாவு படிந்த செருப்போடு. தையல்காரம்மாவின் முன்னறை முழுக்கத் துணிச்சுருள்கள். ஜன்னலோரம் பெரிய வெட்டு மேஜை. அதன் அடியில், மடித்த பழைய திரைச்சீலைகளின்மேல், மஞ்சள் நிறத்தில் ஒரு பெண் லாப்ரடார் வயிறு சரிந்து படுத்திருந்தது. எழுந்து வந்து மகளை முகர்ந்தது, பிரேக்கம்மாவின் முழங்காலில் மூக்கை ஒற்றியது. அப்புறம் கணவரின் கால்சட்டைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நகரமாட்டேன் என்றது.

"பாக்கெட்ல என்ன வச்சிருக்கீங்க?" என்றாள் தையல்காரம்மா.

அவர் அசடு வழிந்துகொண்டே கையை விட்டு எடுத்தார். ஒரு பிடி உலர்ந்த திராட்சை. ரொட்டிக்குப் போடுவதில் கொஞ்சம் பையில் போட்டு நாள்பூராவும் கொறிப்பது அவருடைய ஒரே கெட்ட பழக்கம்.

தையல்காரம்மா பாய்ந்து வந்து நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். "இது நாய்க்கு விஷமய்யா! சிறுநீரகமே போயிடும்!"

அவர் முகம் மாவாய் வெளுத்தது. பிரேக்கம்மா அவரைப் பார்த்த பார்வையில் ஒரு பேருந்தே நின்றிருக்கும். அவர் விறுவிறுவென்று வெளியே போனார். தெருக்கோடியிலிருந்த குப்பைத்தொட்டியில் பையை உதறிவிட்டு, உள்புறத்தை வெளியே இழுத்துவிட்டபடியே திரும்பி வந்தார். இரண்டு பக்கமும் பைகள் நாக்குபோலத் தொங்கின. "தெரியாதுங்க. இனிமே கொண்டுவரமாட்டேன்" என்றார். தையல்காரம்மா கொஞ்ச நேரம் அந்தப் பைகளைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் அவள் ஆளே மாறிவிட்டாள். நாயின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இந்தச் சாதி நாய்க்கு இடுப்பு மூட்டில்தான் வம்பு வருமாம். அப்பன், அம்மா இரண்டும் சோதனையில் தேறினால்தான் குட்டி எடுப்பாளாம். கண் டாக்டர் சான்றிதழும் இருந்தது. அப்பன்காரன் கறுப்பு, அடுத்த தெருவில் இருக்கிறான், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். கணவர் எக்ஸ்ரேயை, வெந்துவிட்டதா என்று ரொட்டியைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

"என்னைக்காவது உங்களால வச்சுக்க முடியலன்னா, வேற யாருக்கும் தள்ளிவிடக் கூடாது. நடுராத்திரியானாலும் எங்கிட்டதான் கொண்டுவரணும். சம்மதமா?"

"சம்மதம்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"சரி. வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

சொன்னபடியே வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தரையில் மண்டியிட்டு, ஒரு குட்டியின் கண்ணால் பார்க்கிறவள்போல வீடு முழுக்கத் தவழ்ந்தாள். தொங்கும் மின்கம்பிகளைச் சுட்டினாள். இரும்புக் கேட்டின் அடியில் ஒரு டீ கோப்பையை உருட்டிவிட்டாள். அது தெருவுக்கே போய்விட்டது. "கோப்பை போற இடத்துல குட்டி போகும்." கணவர் அன்று மத்தியானம் தூங்கவில்லை. பலகைகள் வாங்கிவந்து, ஒன்றோடொன்று சேர்த்து அடித்து, கேட்டின் அடியில் கம்பியால் கட்டினார். ஆணி அடிக்கும் ஓசை பிரேக்கம்மாவின் காதுக்கு மேளம் கொட்டியதுபோல இருந்தது.

*

குட்டிகள் பிறந்த செய்தி அவள் ஓட்டத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வந்தது. எட்டு! தாயும் பிள்ளைகளும் சுகம்! அவள் போனைப் பணிமனை லாக்கரில் வைத்துவிட்டுச் சீட்டில் ஏறினாள். ஆனால் மனசுக்கு லாக்கர் எங்கே இருக்கிறது? நாலு நிறுத்தம் வரை அடக்கிப் பார்த்தாள். ஐந்தாவதில் வண்டியை நிறுத்தி, மைக்கை எடுத்து, "ஆஸ்பத்திரி நிறுத்தம். ஆஸ்பத்திரி இறங்கறவங்க இறங்கலாம்" என்றாள். கை மைக்கை விடவில்லை. "அப்புறம், எட்டுக் குட்டி பிறந்திருக்கு!"

ஒரு நொடி பேருந்து விழித்தது. முதல் சீட்டில் நர்ஸ் கையைத் தட்டினாள். எதற்கென்று தெரியாமலே பின்சீட்டு வரை எல்லாரும் தட்டினார்கள். ஒரு பெரியவர் இறங்கும்போது, "உங்களுக்காம்மா? உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் காத்திருப்பு. ஞாயிறுதோறும் போய்ப் பார்த்தார்கள். முதலில் தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான். பிறகு கண் திறந்தன, பிறகு தள்ளாடின, பிறகு அறையே அதகளம். அடையாளத்துக்குத் தையல்காரம்மா ஒவ்வொன்றின் கழுத்திலும் திரைச்சீலை ஓரத்துக்குத் தைக்கும் நாடாவில் ஒரு நிறம் கட்டியிருந்தாள். பக்கத்தில் மெஷின் கடகடவென்று ஓடினாலும் அசையாமல் தூங்கின. சத்தத்துக்குப் பயப்படாத நாயாக வளர வேண்டும் என்று அவள் வேண்டுமென்றே அங்கே படுக்கை போட்டிருந்தாள்.

பிரேக்கம்மா சிவப்பு நாடாவிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டாள். மஞ்சள் ஆண்குட்டி. கதவு திறந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து அவள் செருப்பைக் கவ்வுவான்.

"இவன்தான் எங்களுக்கு" என்றாள், கூட்டிப்போகும் நாள் நெருங்கியபோது.

"இவன் இல்ல" என்றாள் தையல்காரம்மா.

"என்னக்கா, அவனே என்னைத் தேடி வர்றான்..."

"எல்லாரையும்தான் தேடிப் போறான். இவன் பட்டாசு. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஓடவிடற வீடு வேணும் இவனுக்கு. உன் வீட்ல ஒரு மனுஷன் பகல்ல தூங்கணும். இவன் தூங்கவிடுவானா?" 'நீங்கள்' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியாது.

பிரேக்கம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. வாதாடிப் பார்த்தாள். மகளும் சேர்ந்துகொண்டாள். தையல்காரம்மா பிடி கொடுக்கவில்லை. குரல்கள் உயர்ந்துகொண்டே போனபோதுதான் மகள், "அப்பா எங்க?" என்றாள்.

வெட்டு மேஜைக்குப் பின்னால், சுவரோரமாக, விடியலிலிருந்து மாவு பிசைந்த மனிதர் துணிச்சுருளைத் தலைக்கு வைத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டை. அவர் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலிருந்த குழியில், பச்சை நாடா கட்டிய கறுப்புப் பெண்குட்டி ஒன்று, மூக்கை அவர் காதுக்குள் வைத்துக்கொண்டு தூங்கியது. சிவப்பு நாடாக்காரன் பாய்ந்து வந்து அதன் வாலைக் கடித்தான். அது ஒரு கண்ணைத் திறந்தது, பெருமூச்சு விட்டது, மறுபடி மூடிக்கொண்டது.

மூன்று பெண்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள்.

"நான் இவளைத்தான் உங்களுக்குன்னு நினைச்சிருந்தேன்" என்று கிசுகிசுத்தாள் தையல்காரம்மா. "நானா சொன்னா நீ கேட்டிருக்கமாட்ட."

பிரேக்கம்மா மண்டியிட்டு அந்தக் கறுப்பு முதுகைத் தொட்டாள். உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன விலா ஏறி இறங்கியது. சிவப்பு நாடாவின்மேல் இருந்த ஆசை போன இடம் தெரியவில்லை அவளுக்கு. "ஏங்க" என்று கணவரை மெதுவாக எழுப்பினாள். அவர் கண்ணைத் திறந்தார், காதுக்குள் ஈரமாக ஏதோ இருப்பதை உணர்ந்தார், அசையாமல் அப்படியே கிடந்தார். "இதுவா?" என்று கேட்டார்.

"இதுதான்" என்றாள்.

*

தடுப்பூசி போட்டு, பூச்சிமருந்து கொடுத்து, தோலுக்கடியில் அடையாளச் சிப் வைத்து, அம்மாவின் வாசனை ஏறிய ஒரு துண்டுத் திரைச்சீலையோடு குட்டியைக் கொடுத்தாள் தையல்காரம்மா. கொடுத்தவுடன் உள்ளே போய் மெஷினை வேகமாக ஓட்ட ஆரம்பித்தாள். துணியில்லாமல் ஓடுகிற சத்தம் அது என்று மகள் கண்டுபிடித்துச் சொன்னாள்.

நெரிசல் நேரத்தில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு சந்துகளில் வளைத்து ஓட்டுகிறவள் அன்று தன் சின்னக் காரை ஓட்டிய வேகத்தில் சைக்கிள்கள் தாண்டிப் போயின. பின்னால் ஹாரன் அலறியது. "அம்மா, கொஞ்சம் வேகமாப் போயேன்" என்றாள் பின்சீட்டிலிருந்து மகள், மடியில் குட்டியோடு.

"திருப்பத்துல அவ சாஞ்சிடுவா."

"குறட்டைச் சத்தம் கேக்குதும்மா."

"அப்பாவா, அவளா?"

"ரெண்டு பேரும்."

வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும் குட்டி நாலு காலையும் ஊன்றி நின்று உலகத்தைப் பார்த்தது. புதுப் பலகை கட்டிய கேட்டை முகர்ந்தது. உள்ளே போய், புதிதாக விரித்த கம்பளத்தின் நட்டநடுவில் குந்தி, அவசரமில்லாமல் ஒன்றுக்குப் போனது. மகள் துணி எடுக்க ஓடினாள். கணவர் கைதட்டினார். பேச்சே இல்லாத மனிதர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "வா, வா, யாரு வந்திருக்கா, எங்க வீட்டுக்கு யாரு வந்திருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிரேக்கம்மா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தையல்காரம்மா.

"வந்து சேர்ந்தீங்களா? தண்ணி குடிச்சாளா? அழுதாளா?"

"அவ அழலக்கா" என்றாள் பிரேக்கம்மா. குட்டி அவளை நோக்கி, காது இரண்டும் துள்ள, வழுக்கும் தரையில் தடுமாறிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அவள் போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்து இன்னொரு கையை நீட்டினாள்.